பால்கனியிலிருந்து முதலில் இறங்கியவள்

டல்லாபி, அலபாமா
செப்டம்பர் 24, 1962

ஓசெல்லா,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்கப் போவதில்லை. உன் நலத்தைத்தான் ஊரெல்லாம் ஒட்டி வைத்திருக்கிறார்களே! நேற்று சர்ச்சுக்கு நடந்து போகிற வழியில் பதினோரு இடத்தில் உன் முகத்தைப் பார்த்தேன். சவரக்கடைக் கதவில் ஒன்று, பெட்ரோல் பங்க்கில் ஒன்று, எங்கள் தெருமுனைத் தந்திக் கம்பத்தில் ஒன்று. ‘சிகாகோவின் ப்ளூஸ் ராணி ஓசெல்லா டார்ப்லி, தான் பிறந்த ஊரில்.’ பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய்.

அக்டோபர் 19, டவுன் ஹால். கீழே வெள்ளைக்காரர்கள், மேலே பால்கனியில் நாம். முன்வாசல் அவர்களுக்கு, பக்கவாட்டு இரும்புப் படி நமக்கு. நீயும் நானும் சின்ன வயதில் ஏறிய அதே படிதான்.

ஆனால் ஜூன் மாதத்திலிருந்து நம் ஜனம் அந்தப் படியை மிதிப்பதில்லை. சினிமாவானாலும் சரி, குத்துச்சண்டையானாலும் சரி, கீழே உட்கார விட்டால் வருகிறோம், இல்லாவிட்டால் உங்கள் பால்கனியில் நீங்களே உட்கார்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டோம். ஒவ்வொரு காட்சிக்கும் வாசலில் அட்டை பிடித்து நிற்கிறோம். நின்று நின்று என் கால் வீங்கிக் கிடக்கிறது. நாலு மாதமாகப் பால்கனி காலி. ஹால்காரர்களுக்கு வயிறு எரிகிறது.

இப்போது உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏன் என்று நினைக்கிறாய்? உன் குரல் மேல் திடீரென்று காதல் வந்துவிட்டதா? நம் ஜனம் வேறு யாருக்காகவும் அந்தப் படி ஏறாது, உனக்காக ஏறும். அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வராதே, ஓசெல்லா. 1956இல் மேக்கனில், நடன ஹாலின் நடுவே கயிறு கட்டி இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் கறுப்பு என்று பிரித்தார்களே, அன்றைக்கு நான் பியானோவை மூடிவிட்டு பஸ்ஸில் போய் உட்கார்ந்தேன். நீ பியானோ இல்லாமலே பாடினாய். நம் பெண்கள் பேண்டில் பன்னிரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து சீட்டில் தூங்கியவர்கள் நாம். அன்றோடு உன்னிடம் பேச்சை விட்டேன். அதைக் கிளற இப்போது எழுதவில்லை.

ஜூனெட்டாவுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. என்னோடு அட்டை பிடிக்கிறாள், கூட்டங்களில் பாடுகிறாள், எதற்கும் பயப்படுவதில்லை. ஆனால் கூடப் பிறக்காத இந்தச் சித்தி பெயரைக் கேட்டால் போதும், புத்தி எங்கேயோ போய்விடுகிறது. “சித்தி வந்தா நான் உள்ள போவேன்மா, நீ என்ன வேணா பண்ணிக்கோ” என்று பெற்ற என்னிடமே சொல்கிறாள். அவளுக்காகவாவது வராதே.

வாஷ்டி


சிகாகோ
அக்டோபர் 2, 1962

அம்மாடி வாஷ்டி,

உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உன் எழுத்து இன்னும் அப்படியே முதல் பெஞ்சில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறது. ‘எப்படி இருக்கிறாய்’ என்று ஒரு வார்த்தை கேட்டால் பேனா தேய்ந்துவிடுமா? நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முட்டி வலிக்கிறது. இரண்டாவது புருஷனும் போய்விட்டான், போகும்போது ரேடியோவையும் தூக்கிக்கொண்டு போனான். பன்றிக்கால் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொல்கிறான், சாப்பிடுகிறேன்.

இதை யார் சொல்லி எழுதினாய்? பாஸ்டர் கிராடியா? அவருக்கு என்னை ஞாபகம் இருக்கிறதா? என் அம்மா சவப்பெட்டியில் கிடந்தபோது ஒரே ஒரு பாட்டு பாடுகிறேன் என்று கெஞ்சினேன். எல்லார் முன்னாலும் என்ன சொன்னார்? “சாராயக் கடையில பாடுற வாய் இந்தச் சபையில திறக்கக் கூடாது.” நீ ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்தாய். அன்றைக்கு ஆர்கனை மூடினாயா? வாசித்தாய். அம்மாவின் பெட்டி வாசலைத் தாண்டுகிறவரை வாசித்தாய். மூடுவதெல்லாம் எனக்கு எதிராக என்றால்தான் உனக்கு வரும் போலிருக்கிறது.

இன்றைக்கு அதே சபை, நான் எங்கே பாடலாம் எங்கே பாடக் கூடாது என்று எனக்குச் சட்டம் போடுகிறது. நல்ல நியாயம்டி!

கேள். கையெழுத்துப் போட்டாகிவிட்டது. தெற்கே பத்தொன்பது ஊர். ஒன்றை விட்டால் பத்தொன்பதும் போகும், அப்புறம் எவனும் கூப்பிட மாட்டான். எனக்கு நாற்பத்தாறு வயது. இங்கே இளசுகள் கிட்டாரில் மின்சாரத்தைச் சொருகிக்கொண்டு சுவர் அதிரப் பாடுகிறார்கள். இன்னும் எத்தனை வருஷம் என் முகத்தைக் கம்பத்தில் ஒட்டுவார்கள் என்று நினைக்கிறாய்?

அப்புறம், அந்தப் பால்கனியில் உட்காருகிறவர்கள் என் ஜனமும்தான். வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டுத் துணியைத் துவைத்து, அடுத்தவர் குழந்தையைத் தூக்கி, சனிக்கிழமை ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டால் குற்றமா?

வருகிறேன். கோபமிருந்தால் வாசலில் நின்று திட்டு. உன் குரலைக் கேட்டு ஆறு வருஷமாகிறது, திட்டாவது கேட்டுக்கொள்கிறேன்.

ஜூனெட்டாவுக்கு என் முத்தம். அவள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் நான்தான் என்று சொல்லியிருக்கிறாயா, இல்லை அதையும் மூடிவிட்டாயா?

ஓசெல்லா


டல்லாபி
அக்டோபர் 23, 1962

ஓசெல்லா,

ஜூனெட்டா ஜெயிலில் இருக்கிறாள்.

உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது, அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். நான் வாசலில் அட்டையோடு நின்றேன். பக்கத்தில் நின்றவள் எப்போது நழுவினாள் என்று பார்க்கவில்லை. திரும்பினால் இரும்புப் படியில் ஏறிக்கொண்டிருக்கிறாள். நூற்றைம்பது பேருக்கு மேல் ஏறினார்கள். நாலு மாதம் வெயிலில் நின்று காலி செய்த பால்கனியை நீ ஒரே நாளில் நிரப்பினாய்.

கடைசிப் பாட்டில் நீ கூப்பிட்டது தெருவில் நின்ற எனக்கே மைக்கில் கேட்டது. “என்ன அங்கயே நிக்கிறீங்க? கீழ வாங்க! என் பக்கத்துல வாங்க! எல்லாரும் வாங்க!” முதலில் எழுந்தவள் என் மகள். “சித்தி கூப்பிடுறாங்க, வாங்க” என்று மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு உள்படி வழியாகக் கீழே இறங்கியிருக்கிறாள். படிக்கு அடியில் போலீஸ்காரர்கள் தடியோடு நின்றார்கள். கிழவர் டாலிவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஜூனெட்டாவுக்கு முன்பல் இரண்டு போயிற்று. மறுபடியும் அடிக்க வந்த தடியைக் கையால் பிடித்துவிட்டாளாம். அது போலீஸ்காரனைத் தாக்கிய குற்றம். கூட்டத்தைக் கூட்டி இறக்கியது கலகத்தைத் தூண்டிய குற்றம்.

ஹால் மேனேஜர் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருக்கிறான். பாடகி யாரையும் கூப்பிடவில்லை, இந்தப் பெண்தான் திட்டம் போட்டுக் கூச்சலிட்டாள் என்று. கீழே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்கள் எண்பது பேரில் ஒருவருக்கும் நீ கூப்பிட்டது காதில் விழவில்லையாம். பால்கனியில் இருந்தவர்கள் சொன்னால் அதை யார் எடுத்துக்கொள்வார்கள்?

வக்கீல் டூப்ரே ஒன்றே ஒன்று கேட்கிறார். கூப்பிட்டவள் நீ என்று கோர்ட்டுக்கு வந்து நீ சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவளை ரத்தத்தோடு இழுத்துக்கொண்டு வந்தபோது பின்வாசலில் ஒரு கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அது உன் கார்தானே?

வாஷ்டி


சிகாகோ
நவம்பர் 9, 1962

வாஷ்டி,

உன் கடிதம் ஊர் ஊராக என்னைத் துரத்தி நேற்றுத்தான் கிடைத்தது. இரண்டு பல்! ஐயோ, அந்தக் குழந்தைக்கு எவ்வளவு அழகான வரிசை. படித்துவிட்டு உட்கார்ந்து அழுதேன், நீ நம்பமாட்டாய்.

ஆமாம், என் கார்தான். ஆனால் நான் ஏறவில்லை, ஏற்றினார்கள். விளக்கு கண்ணில் அடித்தது, மேலே தடதடவென்று சத்தம். கை தட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அதற்குள் ஹால் மேனேஜர் என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான். ஜார்ஜியா எல்லை தாண்டின பிறகுதான் டிரைவர் வாயைத் திறந்தான்.

இப்போது உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். இங்கே நம் பத்திரிகைக்காரர்கள் என் படத்தைப் போட்டு ‘பால்கனியைத் திறந்த பெண்’ என்று எழுதியிருக்கிறார்கள். தெருவில் முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்து முத்தமிடுகிறார்கள். ஒரு கல்லூரிப் பையன் என் காலணியைத் துடைத்துவிட்டான். வாஷ்டி, அது தைரியம் இல்லை. நான் மறந்துவிட்டேன்.

நாலு வருஷமாக அதே கிளப், வாரம் ஆறு நாள், அதே கடைசிப் பாட்டு. அந்த இடம் வந்ததும் என் கை தானாக நீளும், வாய் தானாகக் கூப்பிடும். இங்கே மேலே நிற்கிறவர்கள் எல்லாரும் இறங்கி வந்து மேடையைச் சுற்றி நிற்பார்கள், நான் பாட்டை முடிப்பேன். அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். டல்லாபி என்பதே நினைவில் இல்லை. நீ பக்கத்தில் பியானோவில் இருந்திருந்தால் ஒரு தட்டுத் தட்டி என்னை நிறுத்தியிருப்பாய். 

ரிகார்டு கம்பெனி வக்கீல் போகவே கூடாது என்கிறான். வேண்டுமென்றே கூப்பிட்டேன் என்று சொன்னால் என்னையும் உள்ளே தள்ளுவார்கள். மறதியில் கூப்பிட்டேன் என்று சொன்னால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். எந்தப் பக்கம் போனாலும் இடி. கொஞ்சம் யோசிக்க விடு.

ஓசெல்லா


டல்லாபி
நவம்பர் 17, 1962

ஓசெல்லா,

யோசி. சிகாகோவில் கணப்பு அடுப்பு முன்னால் உட்கார்ந்து யோசிக்க நன்றாகத்தான் இருக்கும். ஜூனெட்டா இருக்கிற அறையில் பதினான்கு பேருக்கு ஒரு வாளி.

தைரியம் என்று சொல், மறதி என்று சொல், பேய் பிடித்தது என்றுகூடச் சொல். எனக்கு எல்லாம் ஒன்றுதான். நீ கூப்பிட்டாய் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போ.

வெள்ளைக்கார ஜூரி உன் பேச்சைக் கேட்கவா போகிறான் என்பாய். கேட்க மாட்டான். ஆனால் நீ சொன்னதை எழுதிக்கொள்ள வேண்டும், அது சட்டம். மேல் கோர்ட்டில் அந்தத் தாள் பேசும் என்கிறார் டூப்ரே. உன் வாயிலிருந்து வராவிட்டால் மேலே போகவும் வழியில்லை. மேடையில் கூப்பிட்ட பாடகியே கோர்ட்டில் வாயை மூடிக்கொண்டால் என் மகள்தான் கூப்பிட்டாள் என்று ஆகிவிடும்.

போன சனிக்கிழமை அவளைப் பார்த்தேன். பல் போனதில் பேச்சு விசில் அடிக்கிறது. அதைச் சொல்லி அவளே சிரிக்கிறாள். “சித்தி வருவாங்கம்மா. அவங்க கூப்பிட்டுத்தானே எறங்குனேன், அப்படியே விட்டுட்டுப் போவாங்களா?” என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ மூஞ்சிய அப்படி வெச்சுக்காதம்மா, நீ அவங்க மேல பொறாமைல இருக்க” என்றாள்.

ஜாமீன் மறுத்துவிட்டார்கள். விசாரணை பிப்ரவரி 12.

உன் அம்மாவின் சாவில் நான் ஆர்கன் வாசித்தது தப்பு. அன்றைக்கே எனக்குத் தெரியும். பாஸ்டருக்குப் பயந்தேன். நாம் பேண்டோடு ஊர் சுற்றியபோதெல்லாம் என் குழந்தையைப் பார்த்துக்கொண்டது சபைதான், அது இல்லாவிட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பதினாலு வருஷமாகத் தொண்டையில் இருந்ததை இப்போது காரியம் ஆக வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன், அதுவும் எனக்குத் தெரிகிறது. என்னிடம் இருந்தது இவ்வளவுதான். வா.

வாஷ்டி


சிகாகோ
ஜனவரி 30, 1963

வாஷ்டி,

இரண்டு மாதம் எழுதாமல் இருந்ததற்கு என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள். மூன்று கடிதம் எழுதி மூன்றையும் கிழித்தேன்.

டிக்கெட் வாங்கிவிட்டேன். பிப்ரவரி 11, மதியம் இரண்டு மணிக்கு பர்மிங்ஹாம் ஸ்டேஷனில் இறங்குவேன். கம்பெனி வக்கீலிடம், நான் உனக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறேனா, நீ எனக்கு மனசாட்சி சொல்லித் தராதே என்று சொல்லிவிட்டேன். மனுஷன் ஆடிப்போய்விட்டான்.

உன் மன்னிப்பை வாங்கிக்கொண்டேன். நேரில் வந்து ஒரு அறை கொடுத்துவிட்டுச் சரியாக வாங்கிக்கொள்கிறேன்.

ஜூனெட்டாவிடம் சொல். சித்தி வருகிறாள் என்று சொல். அவள் கேட்கிறபடி சத்தமாகச் சொல்.

ஓசெல்லா


டல்லாபி
பிப்ரவரி 14, 1963

ரயில் வந்தது. நீ வரவில்லை.

அடுத்த ரயிலுக்கும் நின்றேன். அதற்கடுத்ததற்கும் நின்றேன். ஸ்டேஷன் போலீஸ்காரன் இரண்டு தரம் வந்து, “யாருக்கு நிக்கிற?” என்று கேட்டான். என் தங்கச்சிக்கு என்றேன்.

விசாரணை ஒரு நாளில் முடிந்துவிட்டது. டூப்ரே எழுந்து, எங்கள் சாட்சி வந்துகொண்டிருக்கிறார், ஒரு மணி நேரம் கொடுங்கள் என்றார். ஜட்ஜ் கொடுத்தார். அந்த ஒரு மணி நேரம் கோர்ட்டில் இருந்த எல்லாரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அரசு வக்கீல் ஒரு ஆப்பிளை எடுத்துத் தின்றான்.

ஜூரி பதினாறு நிமிஷத்தில் திரும்பி வந்தது. பதினைந்து மாதம், பெண்கள் சிறையில். அங்கே பருத்தி எடுக்க வைப்பார்கள். பியானோவில் அவளுக்கு எட்டு விரல்தான் சரியாக வரும், மற்ற இரண்டை இந்த வருஷம் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டேன். செத்துப்போயிருந்தால் ரேடியோவில் சொல்லியிருப்பார்கள்.

வாஷ்டி


சிகாகோ
ஏப்ரல் 21, 1963

வாஷ்டி,

முதலில் தொண்டைக்கட்டு, ஜுரம் என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். உண்மையை எழுதுகிறேன்.

ரயில் ஏறினேன். நாஷ்வில் வரைக்கும் வந்தேன். அங்கே இருபது நிமிஷம் நிற்கும். காபி குடிக்க இறங்கினேன். பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் சும்மா நின்று எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்க்கக்கூட இல்லை. கையிலிருந்த காபி கோட்டில் கொட்டியது. துடைத்துக்கொண்டே நின்றேன். மணி அடித்தார்கள். காலை எடுத்து வைக்க வேண்டியதுதான், நாலு அடி. எடுக்கவில்லை. என் துணிப்பெட்டி மட்டும் பர்மிங்ஹாம் போய்ச் சேர்ந்தது.

பஸ்ஸில் ஊர் ஊராகப் போனபோது துப்பாக்கி காட்டினவன் முன்னாலெல்லாம் பாடியிருக்கிறேன், உனக்குத் தெரியும். அப்போது நீங்கள் பதினோரு பேர் கூட இருந்தீர்கள். தனியாக நான் ஒன்றுமே இல்லை என்று நாஷ்வில்லில் தெரிந்துகொண்டேன்.

ஆனால் கேள், அவளை நான் விட்டுவிடவில்லை. ஒரு பாட்டு எழுதிப் பாடியிருக்கிறேன். பால்கனியிலிருந்து இறங்கி வந்த பெண்ணைப் பற்றிய பாட்டு. பெயர் சொல்லவில்லை, ஆனால் கேட்கிறவர்களுக்குப் புரியும். போன மாதம் வெளிவந்தது. தினமும் ரேடியோவில் போடுகிறார்கள். நியூயார்க்கில் ஒரு கூட்டத்தில் பாடச் சொன்னார்கள், நாலாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். ஒரு கோர்ட்டில் பன்னிரண்டு வெள்ளைக்காரனிடம் சொல்வதைவிட இது பெரிதில்லையா? நாடே அவள் கதையைக் கேட்கிறது, வாஷ்டி. ஒரு ரிகார்டு அனுப்புகிறேன்.

இதற்கு நீ எழுதப்போகும் பதில் எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுது.

ஓசெல்லா


டல்லாபி
மார்ச் 8, 1964

ஓசெல்லா,

உன் ரிகார்டு வந்து ஒரு வருஷமாகப் போகிறது. உடைக்கவில்லை. அந்த அளவுக்கு நான் சின்னவள் இல்லை.

நல்ல பாட்டு. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இங்கே எல்லாக் கூட்டத்திலும் அதைத்தான் பாடுகிறார்கள். பாஸ்டர் கிராடி உன் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணுகிறார், இப்போது உன் மனசு குளிர்ந்ததா? “சிஸ்டர் வாஷ்டி, அந்தப் பாட்ட வாசிங்க” என்று என்னிடமே சொல்கிறார்கள். வாசிக்கிறேன். ஊருக்கு நடுவில் நான் எழுந்து, இதைப் பாடினவள் கோர்ட்டுக்கு வராமல் ஓடிப்போனவள் என்று சொன்னால், ஜனத்துக்குப் பிடித்துக்கொள்ள இருக்கிற ஒன்றும் போகும். அதனால் வாசிக்கிறேன். நீ எனக்கு வைத்த வேலை இது.

இப்போது எழுதுவது வேறு விஷயம். நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன்.

சிறைக்குப் போன முதல் மாதம் அவளைப் பார்க்கப் போனேன். கையெல்லாம் பருத்திக் காய் கிழித்துக் கிடந்தது. அவள் கேட்டாள்: “கோர்ட்டுல காவலுக்கு நின்ன டெபுடி என் கழுத்தப் புடிச்சிருந்தான்மா, திரும்பவே விடல. சித்தி வந்திருந்தாங்களா?”

வந்திருந்தாள் என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது, உன் வாய் மாதிரியே. பின்வரிசையில் இருந்தாள், ஜட்ஜ் அவளைக் கூண்டில் ஏற விடவில்லை என்று சொன்னேன். எப்படி இருந்தாள், என்ன போட்டிருந்தாள் என்றெல்லாம் கேட்டாள். அதற்கும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். அந்தக் கம்பிக்குப் பின்னால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? ஒவ்வொரு தரம் போகும்போதும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவேன். பத்து நிமிஷம்தான் பார்க்க விடுவார்கள். சொல்லாமலே திரும்புவேன்.

மே மாதம் விடுகிறார்கள். வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு நேராக உன்னிடம் வருகிறாளாம். “சித்திக்கு நேர்ல நன்றி சொல்லணும்மா” என்கிறாள். நான் தடுக்கவில்லை.

வந்து கேட்பாள். நீ சொல்லிவிடு. நாஷ்வில்லில் இறங்கினேன், பயந்தேன், ஏறவில்லை என்று எனக்கு எழுதியதை அப்படியே சொல். அம்மா பொய் சொன்னாள் என்றும் சொல், பரவாயில்லை. நான் அவளிடம் சொன்ன பொய்யின் மற்ற விவரங்களை உனக்கு எழுத மாட்டேன், எழுதினால் நீ அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவாய். கோர்ட்டில் சொல்ல வேண்டியதை நீ சொல்லவில்லை. இதையாவது சொல்.

வாஷ்டி


சிகாகோ
ஜூன் 15, 1964

வாஷ்டி,

ஜூனெட்டா அங்கே வந்துவிட்டாளா? இதைப் படித்ததும் தந்தி கொடு.

வெள்ளிக்கிழமை காலையில் வந்தாள். கதவைத் திறந்தால் உன்னையே இருபது வருஷம் முன்னால் பார்ப்பது போல இருந்தது. கட்டிக்கொண்டாள். எவ்வளவு மெலிந்துவிட்டாள்! முட்டையும் சோள ரொட்டியும் செய்து வைத்தேன், நன்றாகச் சாப்பிட்டாள். ரிகார்டைப் போடட்டுமா என்றேன். வேண்டாம், அங்கே சிறையில் தினமும் கேட்டோம் என்று சிரித்தாள்.

சொல்லத்தான் நினைத்தேன். சத்தியமாக. வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன். காபி ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவளே கேட்டாள்: “சித்தி, அன்னைக்குக் கோர்ட்டுக்கு வந்திருந்தீங்களா?” அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு கேட்டால் நான் என்ன செய்வேன்?

வந்திருந்தேன் கண்ணு என்றேன்.

“எங்க உக்காந்திருந்தீங்க?” பின்வரிசை என்றேன், நீ எழுதியிருந்தாயே. “என்ன போட்டிருந்தீங்க?” நீலக் கோட்டு என்றேன். அன்றைக்கு ரயிலில் அதைத்தான் போட்டிருந்தேன், அது பொய்கூட இல்லை.

காபியைக் குடித்து முடித்தாள். “அம்மா பச்சைன்னு சொன்னாங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் மாடிப்படி வரைக்கும் ஓடி, “ஜூனெட்டா, நில்லுடி, சொல்றேன், நில்லு” என்று கத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நீ ஏன் எனக்குப் பச்சை என்று எழுதவில்லை? ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே!

பஸ் நிலையத்திலெல்லாம் தேடிவிட்டேன். வீட்டுக்கு வந்துவிட்டாளா? ஒரு வரி எழுது, வாஷ்டி.

ஓசெல்லா


டல்லாபி
ஜூன் 27, 1964

ஓசெல்லா,

இங்கே வரவில்லை. நேற்று ஒரு கார்டு வந்தது, மிசிசிப்பி முத்திரை. ஓட்டுரிமைக்கு ஆள் சேர்க்கிற பிள்ளைகளோடு போய்விட்டாள். அங்கே அந்த வேலைக்குப் போன மூன்று பேரைக் காணவில்லை என்று ரேடியோவில் சொல்கிறார்கள். நான் தூங்கி நாலு நாளாகிறது.

கார்டில் விலாசம் இல்லை. அவள் எழுதியது இவ்வளவுதான், உனக்கும் சேர்த்து எழுதியிருப்பதால் அப்படியே தருகிறேன்:

“அம்மா, டெபுடி என் கழுத்தப் புடிக்கவே இல்ல. அன்னைக்கு நான் நாலு தடவ திரும்பிப் பாத்தேன். சித்தி வரலன்னு எனக்கு அப்பவே தெரியும். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது சொல்லுவீங்களான்னுதான் கேட்டேன்.”

வாஷ்டி